ஒரு சொல்லுக்கு மூன்று மணி நேரம்

இன்று காலை எங்கள் தெருமுனைச் சுவரில் யாரோ சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் வாடை, சங்கச் சுவரொட்டி ஒட்டிவிட்டு வரும் உன் கையில் அடிக்கும் அதே வாடை, மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, உன் மேல். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. போனவள் மேல் இவ்வளவு கோபப்படலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் வருகிறது.

திருவொற்றியூர் சுவிட்ச் கம்பெனியில் ஒரே பேக்கிங் மேஜையின் இரண்டு பக்கமும் நின்று எத்தனை வருஷம் வேலை பார்த்தோம்! உன் சங்கம் வேறு, என் சங்கம் வேறு. இரண்டுக்கும் சிவப்புக் கொடிதான். நாம் பிறப்பதற்கு முன்பே கம்யூனிஸ்ட் கட்சி பிளந்துவிட்டது. அந்தச் சண்டையை நாம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பிரித்து வைத்துக்கொள்வோம். நீ காசிமேட்டிலிருந்து வறுத்த நெத்திலி கொண்டுவருவாய். அதை என் டப்பாவில் தள்ளிக்கொண்டே, "உங்காளுங்க முதலாளி கைய புடிச்சிக்கினே புரட்சிக்குப் போலாம்னு கீறாங்க" என்பாய். "நீங்க தனியா போய் இன்னாத்த கிழிச்சீங்க?" என்பேன் நான். மணி அடித்ததும் எழுந்துவிடுவோம். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

கம்பெனியை ஒரகடம் பக்கம் மாற்றப்போகிறார்கள் என்ற சேதி வந்தபோது இரண்டு சங்கமும் முதல்முறையாகச் சேர்ந்தன. கேட்டை மறிப்பது, இரண்டு சங்கத்தின் பெயரிலும் ஒரே நோட்டீஸ் போடுவது என்று முடிவு. காலாடிப்பேட்டை டீக்கடை பெஞ்சில் பத்து மணிக்கு எழுத உட்கார்ந்தோம். நீ, நான், இரு பக்கத்துச் செயலாளர்கள். ஒப்பந்தத் தொழிலாளியான செல்வி, எழுதியதை அச்சுக்கு எடுத்துப்போக வந்து நின்றாள்.

முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது. "அந்நிய நெருக்கடிக்குப் பணிந்த தேசிய முதலாளியே" என்று தொடங்கச் சொன்னேன். நீ பேனாவைப் பிடுங்கினாய்.

"இவனா தேசிய முதலாளி? அந்த வார்த்தைய போட்டா, நாளைக்கு இவனோட சேந்து புரட்சி பண்ணணும்னு ஆய்டும்."

உள்நாட்டு முதலாளிகளில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டுதான் புரட்சியின் முதல் கட்டத்தைக் கடக்க முடியும் என்பது எங்கள் கட்சி வாதம். அவர்களை நம்ப முடியாது, தொழிலாளிதான் தலைமை ஏற்க வேண்டும் என்பது உங்கள் வாதம். அற்பமான கேள்வி இல்லை. எத்தனையோ நாடுகளில் இதற்காக உயிரையே விட்டிருக்கிறார்கள். ஆனால் அதை டீ ஆறுவதற்குள், நோட்டீஸின் முதல் வரியிலா தீர்க்க வேண்டும்? நீ ரஷ்யாவை இழுத்தாய். நான் சீனாவை இழுத்தேன். செயலாளர்கள் வடை தின்றார்கள்.

செல்விக்குப் பொறுமை போய்விட்டது. "எக்கா, அவன் இன்னா முதலாளியா வேணா இருந்துட்டுப் போவட்டும். நோட்டீஸ குடுங்க. கேட்டாண்ட பொம்பளைங்க நின்னுகினு கீறாங்க."

"இரும்மா, இது முக்கியம்" என்றோம் இருவரும் ஒரே குரலில். அன்று நாம் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

செல்வி கேட்டுக்குத் திரும்பிப் போனாள். ஒரு மணிக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "பின்கேட்டு வழியா லாரி போய்டிச்சிக்கா. மோல்டிங் மிஷின ஏத்திகினு போய்ட்டானுங்க."

நீ செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாய். பின்கேட்டில் இரண்டாவது லாரி உறுமிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாய். கொடி இல்லை, கோஷம் இல்லை. நானும் உட்கார்ந்தேன். செல்வியும் மற்ற பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். "எந்திரிங்கம்மா, பேஜாரு பண்ணாதீங்க" என்று டிரைவர் கெஞ்சினான். தார் புடவைக்குள் சுட்டது. அப்போது நீ என் காதருகே குனிந்து என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "ஆனா அந்த வார்த்தைய மட்டும் போட வுடமாட்டேன்."

அந்த லாரி போகவில்லை. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தப் பெண்களுக்கும் நமக்குச் சமமாக நஷ்டஈடு கிடைத்தது. கம்பெனியைத்தான் இங்கேயே நிறுத்திவைக்க முடியவில்லை. முதல் லாரியில் போனதுதான் அதன் உயிர். அது போன பிறகு மிச்சம் வெறும் ஷெட்.

கடைசியாக உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். ஆக்ஸிஜன் குழாயைத் தள்ளிவிட்டு, "இப்பவாச்சும் ஒத்துக்கிறியா?" என்றாய்.

"மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வா, பேசலாம்."

மறுநாள் வந்தேன். கட்டில் காலியாக இருந்தது. வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் என்னுடையது. முதல் ஐந்து நிமிஷத்தில் நானே அதை அடித்து நீக்கியிருந்தால், நேரத்தோடு கேட்டுக்குப் போய் அந்த முதல் லாரியை மறித்திருக்கலாம். உன் மேல் வருகிற கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

இப்போது கொடுங்கையூர்த் துப்புரவுப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அவர்களிடம் மூன்று சங்கம் இருக்கிறது. கொள்கைச் சண்டை வந்தால் நான் நிறுத்துவதில்லை. "மொதல்ல கேட்டாண்ட போய் குந்துங்க. குந்திகினே சண்ட போடுங்க" என்கிறேன். சிரித்துக்கொண்டே போய் உட்காருகிறார்கள்.

பழைய புத்தகங்களை மறுபடி படிக்கிறேன். நீ சொன்னது சரியாக இருக்குமோ என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள்தான்.