இரண்டு எஸ்கெசன்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபோனில் கத்தினாலும் உங்களுக்குக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? கோபன்ஹேகனில் நான் நலம். யெப்பெயுடன் கல்யாணம் ஆனபிறகு நானும் அவனைப்போல நீல்சன் ஆகிவிடுவேன், எஸ்கெசன் என்ற நம் பெயர் உங்களோடு முடிந்துவிடும் என்று வருந்தியிருந்தீர்கள்.

போன வாரம் பல் டாக்டரிடம் "எஸ்கெசன்" என்று கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன், ஒரு பெரியவரும் எழுந்தார்.

"எஸ்கெசன்னா எஸ்கெயோட மகன். மகனைக் கூப்பிட்டா பொண்ணு வந்து நிக்குதே! இந்தப் பேருல நான்தான் கடைசி ஆளுன்னு நினைச்சிருந்தேன்" என்று சிரித்தார்.

அவர் லவ்ரிட்ஸ். மனைவி, பிள்ளைகள் இல்லை. நாம் உறவா என்று ஆசையாகக் கேட்டார். இருவர் வீட்டுக் கதையையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். முன்பெல்லாம் ஒவ்வொரு தலைமுறையிலும் அப்பா பெயரே குடும்பப் பெயரானது. அதை மாற்றாமல் வைக்கச் சட்டம் வந்தபோது அவர் வீட்டில் செருப்புத் தைத்த ஒரு எஸ்கெ, நம் வீட்டில் மீன் பிடித்த வேறொரு எஸ்கெ.

"அப்ப நீ எனக்கு யாருமில்ல." முகம் வாடிவிட்டது.

"அதனாலென்ன, ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க" என்றேன்.

வந்தார். பன்றி வறுவலை மென்றுகொண்டே யெப்பெயிடம், "தம்பி, நாடு பூரா நீல்சன்தான். ஒருத்தன் குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். யெப்பெ சிரித்தான். மறுநாள் கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது, "நானே எஸ்கெசன் ஆயிடறேன்" என்றான்.

அவன் திரும்ப ஒரு மாதமாகும். கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கடிதத்தை நீளமாக எழுதுங்கள், கோழிகளைப் பற்றியானாலும் சரி. நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

இனியும் எஸ்கெசனாகவே இருக்கப்போகும்,
சித்செ