அம்மாவின் பையில் கடலைமிட்டாய்

அன்பு மகள் ஜெயஷீலாவுக்கு, அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அம்மா எழுந்து நடமாடுகிறாள், நானும் இருக்கிறேன். மஸ்கட்டில் நீ சுகம் என்பதை நீ சொல்லித்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது. போனில் கேட்டால் டியூட்டி என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் காகிதம்.

ஒரு மாதமாக அம்மா பையில் கடலைமிட்டாய் இருந்தது. சுகர் மாத்திரை போடுகிறவளுக்கு மிட்டாய் எதற்கு? தீப்பெட்டி ஆபீஸ் கேட்டில் இருபத்திரண்டு வருடம் பை சோதித்தவன் நான், என்னிடமேவா என்று, போன வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கிளம்பும்போது எடுத்து ஒளித்துவிட்டேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்தாள். பதினொரு மணிக்குக் கோயிலில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பக்கத்து வீட்டு ஜீனாவையே “ஏட்டி, நீ யாரு?” என்று கேட்டிருக்கிறாள். ஆண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்த நான் நடிப்பு என்று நினைத்து எழுந்திருக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஜீனாதான் மூன்று கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்கவைத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்து, “எம் மிட்டாயை எங்க வச்சிருக்கீங்க?” என்று என்னைக் கேட்டாள்.

சுகர் இறங்கினாலும் ஆபத்துதான், மாத்திரை போட்டால் சாப்பாட்டைத் தள்ளக்கூடாது என்று டாக்டர் என்னைத்தான் சத்தம் போட்டார். கடலை சேர்ந்த மிட்டாய் மெதுவாகத்தான் ஏறுமாம், சீனித் தண்ணீரோ குளுக்கோஸோ உடனே கொடுத்து, தெளிந்த பிறகு சாப்பிடவைக்க வேண்டுமாம். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். உபவாசம் கூடாது என்றதில் அம்மா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

மிட்டாய் வைக்கச் சொன்னது நீதானாமே. உதடு மரத்துப்போகும், காரணமில்லாமல் கோபம் வரும் என்றெல்லாம் அம்மாவிடம் சொன்னாயாம். டாக்டர்கூட உதட்டைப் பற்றிச் சொல்லவில்லை. நீ வேலை பார்ப்பது சரக்குக் கம்பெனியில், ஆஸ்பத்திரியில் இல்லை. கிறிஸ்மஸுக்கு வந்தபோது உன் பையிலும் குளுக்கோஸ் டப்பா பார்த்தேன், வெயிலுக்கு என்றாய். அன்றைக்கு மழையில் கரிசலெல்லாம் முழங்கால் சேறு. நான் கத்துவேன் என்று பயந்துதான் மறைத்தாயோ? கத்தமாட்டேன் மகளே, பயமாக இருக்கிறது.

தினமும் காலையில் அம்மா பையை இன்னும் சோதிக்கிறேன், குளுக்கோஸ் இருக்கிறதா என்று. உன் பைக்கு என் கை எட்டவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுது, வேலைக்குப் போகுமுன் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அப்பா,
நேசமணி