பன்னிரண்டு கஜம்

மார்ச் 2, திங்கள்

பதினான்காவது குழியில் இன்றும் இரண்டு பந்துகளைக் குளத்தில் விட்டேன்.

வாரத்தில் எங்களுக்கென்று இருப்பது இந்த ஒரு திங்கள். மற்ற ஆறு நாளும் அங்கத்தினர்கள் கோல்ஃப் ஆடுகிறார்கள், நாங்கள் அவர்களுடைய பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடக்கிறோம். திங்களன்று கிளப்புக்கு விடுமுறை. மைதானம் எங்களுக்கு. ஆனால் திங்களில் பெண்கள் முதல் அடி அடிப்பதற்கென்று முன்னால் தள்ளி, கட்டை நட்டுக் காட்டும் சிவப்புக் கோடு கிடையாது. எல்லாரும் வெள்ளைக் கோட்டிலிருந்துதான். இருபத்திரண்டு ஆண்கள், நான் ஒருத்தி. எனக்காக யார் போய்ச் சிவப்புக் கட்டையை நடுவார்கள்?

வெள்ளைக் கோட்டிலிருந்து அந்தக் குளத்தைத் தாண்டப் பந்து நூற்று அறுபத்தைந்து கஜம் காற்றிலேயே போக வேண்டும். என்னால் முடிந்தது நூற்று ஐம்பத்தைந்து. குளத்தைச் சுற்றிக்கொண்டும் போகலாம். போனால் கணக்கில் மட்டையடி ஒன்று கூடும். போன வருடம் அந்த ஓர் அடியில்தான் ஐந்தாவதாக வந்தேன். நான்கு பேரைத்தான் எடுப்பார்கள்.

இந்த வருடத் தேர்வு ஆட்டம் ஏப்ரல் 27. குறைந்த அடிகளில் முடிக்கும் நான்கு பேர், மாகாணத்தில் பை சுமக்கிறவர்கள் எல்லாரும் கூடும் போட்டிக்குப் போவார்கள். நான் போக வேண்டும். வேறு எதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. இதையும் யாரிடமும் கேட்கவில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

ஆட்டம் முடிந்து, பை சுமக்கிறவர்களின் கொட்டகைக்கு வந்ததும் நவேல், "குளத்து மீனுக்குத் தீனி போட்டாச்சா ஊமச்சி?" என்றான். மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் உறிஞ்சுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நவேல் என் பெரியம்மா மகன். அவன் வைத்த பெயர்தான் ஊமச்சி. எங்கள் மேஸ்திரி தோன் எவாரிஸ்தோ சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதும் எரிச்சலாகத்தான் இருந்தது. "வீட்டுல கறி கிறி போடுறாங்களா இல்லையா? பலமா அடி புள்ள."

வீட்டுக்கு நடக்கும்போது பதில் பத்து வந்தது. எப்போதும் வழியில்தான் வருகிறது.

மார்ச் 5, வியாழன்

பலமாக அடித்துப் பார்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. தூரம் குறைந்தது. பலமாம் பலம்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று நான் சுமந்தது சென்யோரா ஒஃபேலியாவின் பை. அவருக்கு அறுபத்து நான்கு வயது, ஒரு முழங்காலில் அறுவை செய்திருக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியை நான்தான் திறந்து கொடுக்கிறேன். அப்படிப்பட்ட கை ஆறாவது குழியில் அடித்த பந்து, மேலே மேலே போய், அல்காரோபா மரத்தைத் தாண்டி விழுந்தது. நடந்து எண்ணினேன், என் ஓர் எட்டு ஒரு கஜம். என் பந்து விழும் இடத்தைவிட நான்கு எட்டுத் தூரம் அதிகம்.

என்னைவிட. மூடி திறக்க முடியாத கை.

கோபத்தில் அடுத்த குழியில் அவர் அடிப்பதைக் கண் கொட்டாமல் பார்த்தேன். பந்தை ஏற்றி வைக்கும் மர முளையை அவர் மண்ணில் லேசாகத்தான் குத்துகிறார். பந்து, பெரிய மட்டையின் தலைக்கு மேலே பாதி எட்டிப் பார்க்கிற அளவு உயரத்தில் நிற்கிறது. இடது குதிகாலுக்கு நேராக வைக்கிறார். மட்டை கீழே வந்து, மேலே ஏறப் போகும்போது பந்தைத் தொடுகிறது. அவர் வாருகிறார். நான் வெட்டுகிறேன்.

ஏன் வெட்டுகிறேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்கு வந்து என் டப்பாவைத் திறந்ததும் தெரிந்தது. முந்நூறு முளை இருக்கும். அத்தனையும் உடைந்த முனைகள். உடைந்தது எங்களுக்கு, முழுசு அவர்களுக்கு – கொட்டகையின் சட்டம் அது. புல்லில் உடைந்த முளை கிடந்தால் நாங்கள் வைத்துக்கொள்ளலாம். முழுசாகக் கிடந்தால் தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒன்பது வயதில் நவேலின் பழைய மட்டையோடு ஆரம்பித்த நாளிலிருந்து நகம் அளவுள்ள கட்டைகளில்தான் பந்தை வைத்து அடிக்கிறேன். புல்லோடு ஒட்டிக் கிடக்கும் பந்தை வேறு எப்படி அடிப்பது? வெட்டத்தான் வேண்டும். நான் மட்டுமா, கொட்டகையில் எல்லாரும் வெட்டுகிறார்கள். ஆண்களுக்குத் தோள் இருக்கிறது, வெட்டினாலும் குளத்தைத் தாண்டிவிடுகிறது.

எட்டு வருடம்.

மார்ச் 9, திங்கள்

மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முளை கிடந்தது. முழுசு. என்ஜினியர் பாசானியின் முதலெழுத்துகள் அதில் அச்சடித்திருக்கின்றன. பெட்டியில் போட வேண்டும். தெரியும்.

எல்லாரும் போன பிறகு பயிற்சித் திடலில் அந்த முளையில் வைத்துப் பத்துப் பந்து அடித்தேன். இடது குதிகாலுக்கு நேராக, உயரமாக, பிடியைத் தளர்த்தி. முதல் மூன்று கோணலாகப் போயின. நான்காவது மேலே ஏறியது. என் பந்து அவ்வளவு உயரத்தில் போய் நான் பார்த்ததில்லை. எண்ணினேன். வழக்கமான இடத்திலிருந்து பன்னிரண்டு எட்டு அதிகம். அடுத்தது ஒன்பது. அடுத்தது பதினான்கு.

முளையைப் பெட்டியில் போடவில்லை. நாளை போடலாம்.

மார்ச் 11, புதன்

போடவில்லை. அதற்குள் நவேல் அதைப் பார்த்து மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான்.

காலையில் எல்லாரும் பைக்காக வரிசையில் நிற்கும்போது தோன் எவாரிஸ்தோ என் மேல்சட்டைப் பையைக் காட்டி, "அதை எடு" என்றார். எடுத்தேன். மஞ்சள்.

"இது யாருது?"

உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"முழுசு யாருதுன்னு கேக்குறேன்."

புல்லில் கிடந்தது, திருப்பித் தரத்தான் இருந்தேன், இதனால் எனக்குப் பன்னிரண்டு கஜம் கிடைத்தது – மூன்று வாக்கியம். மூன்றே மூன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் ஆனது. முன்பு ஒரு மார்ச் பரீட்சையில் மேசைக்குப் பின்னால் மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். எல்லாப் பதிலும் தெரியும். நின்றேன், நின்றேன், வெளியே வந்துவிட்டேன், திரும்பப் போகவே இல்லை.

"போன வருஷம் ஒரு பர்ஸ் காணாமப் போச்சு, ஞாபகம் இருக்கா?" என்றார் எவாரிஸ்தோ. "கேட்டுல நிறுத்தி இருபத்தி மூணு பேரோட செருப்பக்கூடக் கழட்டிப் பாத்தாங்க. என் செருப்பையும்தான். இன்னைக்கு முளை. நாளைக்கு ஏதாவது தொலைஞ்சா முதல்ல யாரைப் புடிப்பாங்க? உன்னை மட்டுமா?"

தண்டனை: ஏப்ரல் 12 வரை மைதானப் பக்கம் வரக்கூடாது. பை கிடையாது, திங்களும் கிடையாது.

நவேல் பின்னாலேயே வந்தான். "வாய் தவறி வந்துடுச்சு, வேணும்னு சொல்லல."

அவனுக்கு வாய் தவறி வருகிறது. எனக்குத் தவறியும் வருவதில்லை.

மார்ச் 12, வியாழன்

புல்லுல கிடந்துச்சு. அந்த என்ஜினியருக்குக் குனிஞ்சு எடுக்கக்கூட மனசில்ல. அவருக்குத் தொலைஞ்சதே தெரியாது. எட்டு வருஷம் நகம் அளவு கட்டையில அடிக்க விட்டுட்டு பலமா அடி, பலமா அடின்னு சொன்னீங்களே, ஒருத்தருக்காச்சும் தோணுச்சா? தோணாது. உங்க பந்துதான் குளத்தைத் தாண்டுதே. திருடியா நான்? சொல்லுங்க. திருடியா?

இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

மம்மா ஹோட்டலில் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்தாள். பெரியம்மா மூலமாக எல்லாம் தெரிந்திருக்கிறது. "வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள். தட்டைக் கழுவினேன். ஒரு தட்டு உடைந்தது. வேண்டுமென்று இல்லை. கொஞ்சம் வேண்டுமென்றுதான்.

மார்ச் 18, புதன்

கோழிக்கூண்டின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. ஓடைக்கரையில் நாணல் வெட்டி வரச் சொன்னாள் மம்மா. அங்கே நாணல் என் உயரத்துக்கு இரண்டு மடங்கு, பெருவிரல் தடிமன். கூண்டுக்கு அளந்து நறுக்கியபோது துண்டுகள் கீழே விழுந்தன. ஒரு துண்டைக் காலால் தள்ளப் போனேன். நின்றுவிட்டேன்.

உள்ளே வெற்றிடம். மேலே வட்ட விளிம்பு.

வீட்டுக்குள் ஓடிப் பந்தை எடுத்து வந்து வைத்தேன். கிண்ணத்தில் முட்டை போல உட்கார்ந்தது.

மார்ச் 22, ஞாயிறு

நாணல் துண்டை நான்கு விரல் உயரத்தில் நட்டேன். மட்டை பந்துக்கு அடியில் நுழைந்துவிட்டது. பந்து நேர் மேலே ஏறி என் முன்னாலேயே விழுந்தது. கோழிகள் சிதறி ஓடின.

மார்ச் 27, வெள்ளி

மூன்று விரல். அதுதான். அடியைச் சாய்வாக வெட்டினால் காய்ந்த மண்ணிலும் இறங்குகிறது. விளிம்பைக் கல்லில் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கிறது. ஐந்து தடவை அடித்தால் ஒன்று உடைகிறது. உடையட்டும். ஓடைக்கரை முழுக்க இருக்கிறது, யாருடைய முதலெழுத்தும் இல்லாமல்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். பெரியம்மா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் போகவில்லை. வறண்ட ஆற்றுப் படுகையில் நாற்பது பந்து அடித்தேன். ஓங்கி அடித்தால் இப்போதும் கெட்டுப்போகிறது. கோபம் கைக்கு வந்தால் பிடி இறுகுகிறது, பழையபடி வெட்டுகிறேன். பிடி தளர்ந்தால் போகிறது. பன்னிரண்டு, பத்து, பதிமூன்று. ஒருபோதும் இருபது இல்லை. பன்னிரண்டு கஜம்தான். எனக்குத் தேவை பத்து.

கோபத்தைக் கையில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? இங்கே வைக்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

திரும்பப் போனேன். முதல் குழியில் நாணலை நட்டதும் நவேல், "ஊமச்சி புல்லாங்குழல் கொண்டாந்திருக்கா, வாசிக்கட்டும் கேப்போம்" என்றான். சிரிப்பு. தோன் எவாரிஸ்தோ வந்து குனிந்து, நாணலைப் பிடுங்கி, கண்ணருகே பிடித்துத் துளை வழியாகப் பார்த்தார்.

"இது யாருது?"

அதே கேள்வி. அதே குரல்.

"என்னுது."

"என்ன?"

"என்னுது. ஓடையில வெட்டுனது."

அவர் அதை மண்ணில் அதே இடத்தில் திரும்ப நட்டுவிட்டுப் போனார். பிடி இறுகி, அந்த அடியைக் காட்டுக்குள் அடித்தேன். பதினான்காவதிலும் தண்ணீர். பரவாயில்லை என்று எழுத வரவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

தாண்டியது. ஒரு தடவை தாண்டியது. யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் புல்லில் இந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனி. விரல் மரத்துப்போனது. பதின்மூன்றாவது முடிந்தபோது என் எண்ணிக்கை மோசமில்லை என்று தெரிந்தது. என்னோடு ஆடிய நவேல் குளத்தருகே சொன்னான்: "சுத்திப் போயிடு. இன்னைக்கு ரிஸ்க் எடுக்காத." கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மூன்று விரல் அளந்து நட்டேன். பிடியைத் தளர்த்தினேன். தளரவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் காற்சட்டையில் துடைத்தேன். பின்னால் யாரோ, "நாளைக்கு விடியறதுக்குள்ள அடிச்சுருவியாம்மா" என்றார்கள். மறுபடி எடுத்தேன்.

அடித்ததும் நாணல் பிளந்து தெறித்தது. பந்து உயரே போனது. குளத்தின் மேல் இருந்தபோது அது வருவதாகவும் இல்லை, போவதாகவும் இல்லை. அப்புறம் அக்கரையில், தண்ணீருக்கு ஒரு கை தூரத்தில் விழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. உருளக்கூட இல்லை.

"தாண்டிடுச்சு" என்றான் நவேல், யாரோ கேட்டதுபோல.

மொத்தம் எண்பத்தாறு அடி. நான்காவது. நவேல் இரண்டாவது, அவனும் வருகிறான். ஐந்தாவது யாரென்று பலகையில் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், ஓர் அடியில் தவறவிட்டிருக்கிறார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கும் அசைக்கத் தெரிந்தது.

மே 4, திங்கள்

வியாழக்கிழமை போட்டிக்குப் பஸ். நவேல் பக்கத்தில் உட்காரமாட்டேன்.

இன்று கொட்டகைக்குப் போனபோது தோன் எவாரிஸ்தோ பெஞ்சில் ஒரு கட்டு நாணலும் ரம்பமுமாக உட்கார்ந்திருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர். அவர் வெட்டியதெல்லாம் தப்பான நீளம்.

"எத்தனை விரல்?" என்றார், நிமிராமல்.

"மூணு."

"காதுல விழல."

"மண்ணுக்கு மேல மூணு விரல். அடியைச் சாய்ச்சு வெட்டணும். விளிம்பைத் தேய்க்கணும், இல்லைன்னா வெடிக்கும்." இவ்வளவும் ஏழெட்டுப் பேர் முன்னால். யாரும் சிரிக்கவில்லை, வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

எவாரிஸ்தோவின் முழங்கைக்குப் பக்கத்தில் தகரப் பெட்டி திறந்திருந்தது. மஞ்சள் முளை மேலாகவே கிடந்தது, தூசு படிந்து. இரண்டு மாதம். யாரும் கேட்டு வரவில்லை. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் ரம்பத்தை இழுத்தார். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்க. போட்டிக்கு ஆகும்."

"வேணாம்" என்றேன். "எங்கிட்ட இருக்கு."