பதினேழும் இருபத்தொன்றும்

மார்ச் 3, திங்கள்

நிகழ்தகவுத் தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று. பதினான்கு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வகுப்பில் எல்லோரும் என்னை ‘வாத்தியார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்று அதைக் கேட்கவே காது கூசியது. பள்ளியில் நான் நடத்தியதெல்லாம் பகடையும் சீட்டுக்கட்டும். இங்கே மரபணுக்கள், ஒரேயடியாக ஆயிரக்கணக்கில். முப்பத்தெட்டு வயதில் வேலையை விட்டுவிட்டு உயிரித் தகவலியல் படிக்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

“டெஸ்ட் எப்படிப் போச்சு?” என்றாள் மனைவி. “பரவாயில்ல” என்றேன். மார்க்கை மறைத்ததற்காக எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருப்பேன்!

மார்ச் 11, செவ்வாய்

செய்முறைத் திட்டம், இரண்டிரண்டு பேராக. எனக்கு வாய்த்தவள் எறும்பு. தன்னைவிடப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு எந்நேரமும் விறுவிறுவென்று நடப்பதால் அந்தப் பெயர். இருபத்துமூன்று வயது. கணக்கு என் பொறுப்பு, அறிக்கை அவள் பொறுப்பு.

மொத்தம் இருபத்துநான்கு பேரின் இரத்த மாதிரிகள். பன்னிரண்டு பேர் நுரையீரல் நோயாளிகள், பன்னிரண்டு பேர் நோயில்லாதவர்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு நோயாளிகளிடம் கூடுதலாக வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். மாதிரிகளை இயந்திரத்தில் ஓட்டி எண்களைத் தருபவர் லேப் அக்கா. ஒவ்வொரு சொட்டு விடும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அவர் விடும்வரை நானும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

0.09.

மார்ச் 19, புதன்

நேற்று எழுத மனமில்லை. இரண்டு குழுவுக்கும் நிஜத்தில் வித்தியாசமே இல்லாவிட்டாலும், தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் தெரிய நூற்றில் ஒன்பது வாய்ப்பு உண்டு. அதுதான் 0.09. ஐந்துக்குக் கீழே வந்தால்தான் இந்தத் துறையில் கண்டுபிடிப்பு என்பார்கள். வரவில்லை. ‘எதுவும் தெரியவில்லை’ என்று மேடையேறிச் சொல்லவேண்டும், அதுவும் பதினொன்று வாங்கியவன்.

வரைபடத்தைப் பார்த்தேன். நோயாளிகளின் மாதிரிகளில் பதினேழாம் எண்ணும் இருபத்தொன்றாம் எண்ணும் மட்டும் கீழே கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு ஓட்டினால்? சும்மா, பார்ப்பதற்குத்தான்.

0.03.

எறும்பு எட்டிப் பார்த்தாள். “இந்த ரெண்ட ஏன் எடுத்துட்டீங்க, வாத்தியாரே?”

“மெஷின்ல ஏதோ கோளாறு. அந்த ரெண்டும் சரியா ஓடல.”

“லேப் அக்கா சொன்னாங்களா?”

ம் கொட்டினேன். அவள் அதை அப்படியே அறிக்கையில் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 26, புதன்

கைதட்டல். பேராசிரியர் மேடைக்கே வந்து கைகுலுக்கினார். பின்வரிசையிலிருந்து ஒருவன், “வாத்தியார்னா சும்மாவா!” என்று கத்தினான். மனைவி தன் அண்ணனுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். கொஞ்சம் இனிக்கவும் செய்தது என்பதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

பேராசிரியர் அறிக்கையைப் படித்துவிட்டு லேப் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். கதவு பாதி திறந்திருந்தது.

“ரெண்டு மாதிரி பாழாயிருக்கு. எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

பிறகு அக்காவின் குரல். “எனக்குத் தெரியாம நடந்திருக்கும் சார். லீவு நாள்ல வந்து திரும்ப ஓட்டிப் பாத்துடறேன்.”

‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு ஒவ்வொரு ஏப்ரலும் ஒப்பந்தம் புதுப்பித்தாகவேண்டும், பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் வேலை. நான் வராந்தாக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டே நின்றேன். வழிந்து செருப்பெல்லாம் நனைந்தது.

மார்ச் 29, சனி

போய்ச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் விளக்கு எரிந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

அக்காவே என்னைத் தேடி வந்தார்.

“சார், ரெண்டு தடவ ஓட்டிட்டேன். அதே நம்பர்தான் வருது. கோளாறு எந்த எடத்துலன்னு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, அங்க மட்டும் பாத்துடறேன்.”

குத்தலே இல்லை. நிஜமாகவே உதவி கேட்டார்.

“பாத்துச் சொல்றேன்க்கா.”

“கண்ணாடி மாத்தணுமோ என்னவோ,” என்று சிரித்தார். “கை நடுங்குதான்னு வீட்டுக்காரர்கிட்ட நீட்டிக் காமிச்சேன். இல்லங்கறார்.”

சீ! நானெல்லாம் ஒரு மனுஷனா? அவங்க கைய அவங்களே சந்தேகப்படறாங்க. நான் ‘பாத்துச் சொல்றேன்’னு சொல்றேன். என்னத்தப் பாப்ப? என்னத்தச் சொல்லுவ?

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டேன், பதினொன்று மார்க்கிலிருந்து எல்லாவற்றையும். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப எங்கிட்ட எதுக்கு மொதல்ல சொல்றீங்க? நான் பரவாயில்லன்னு சொல்லணுமா?”

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் எறும்பிடம். பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “என் பேரும் அதுல இருக்கு, சார்” என்றாள். இதுவரை அவள் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை.

பிறகு பேராசிரியர். அவர் கத்துவார் என்று தயாராகப் போனேன். அவரோ ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, “எழுதிக் குடுங்க” என்றார், அவ்வளவுதான். எனக்குப் பூஜ்யம், அடுத்த வருடம் இந்தப் பாடத்தை மறுபடி படிக்கவேண்டும். எறும்பு இருபத்துநான்கையும் வைத்துத் தனியாக அறிக்கை எழுதித் தரலாம்.

லேப் அக்காவிடம் கடைசியாகத்தான் போனேன். அவரிடம்தான் முதலில் போயிருக்கவேண்டும். கையுறையைக் கழற்றாமலே கேட்டார். “சரி, போங்க” என்றார்.

ஏப்ரல் 4, வெள்ளி

எறும்பு வேறு வரிசையில் உட்காருகிறாள்.

ஏப்ரல் 9, புதன்

லேப் அக்கா வரச்சொல்லியிருந்தார். ஒப்பந்தம் என்னவாயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். “நேத்து கையெழுத்தாச்சு” என்றார் அவரே. மேசைமேல் இயந்திரத்தின் பதிவேடு விரித்திருந்தது. மார்ச் 29-ஆம் தேதிக்கு நேராக அவருடைய குண்டுக் கையெழுத்து: ‘17, 21 மீண்டும் ஓட்டப்பட்டன. இயந்திரத்தில் குறை இல்லை. மாதிரி தயாரித்ததில் என் பிழையாக இருக்கலாம்.’

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். கண் கலங்கிவிட்டது, மறைக்க முடியவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“இத நான் அடிக்க மாட்டேன். நீங்க அடிங்க.”

அந்தப் பதிவேட்டில் எதையும் அழிக்கக்கூடாதாம், வெள்ளை பூசவும் கூடாதாம். ஒரே ஒரு கோடு போடவேண்டும், அடியில் இருப்பதும் படிக்கும்படி. பக்கத்தில் தேதி, கையெழுத்து. கோடு போட்டேன். பள்ளிக்கூடத்தில் அளவுகோல் இல்லாமலே கரும்பலகையில் நேராக இழுத்தவன் நான்; இன்று கோணலாகத்தான் வந்தது.

அக்கா ஓரத்துக் கட்டத்தில் விரலை வைத்தார். “காரணம் எழுதல.”

‘மாணவர் பொய் சொன்னார்’ என்று எழுதினேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார்.

“எந்த மாணவர்னு போடணும் சார்.”

என் முழுப் பெயரையும் எழுதினேன்.