குளிர் மூடி வைத்த பீப்பாய்

அலகாய் முகாம், கவாய்த் தீவு
ஏப்ரல் 11

அன்புள்ள கவிகா,

இந்த உயரத்துக்குக் கொசு எப்படி வந்தது? எனக்குத் தெரியவில்லை. நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

நேற்று முகாமின் மழைநீர்ப் பீப்பாயில் கொசுப்புழு நெளிந்தது. இருபது ஆண்டாக அதற்கு மூடி போட்டதில்லை. இந்தக் குளிர்நீரில் கொசு பெருகாது என்று நானே மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உடனே கவிழ்த்தேன். நூறடி தள்ளி ஓஹியா மரத்தில் ஓர் அகிகிகி பறவை ஜோடி, கூட்டில் இரண்டு முட்டை. இந்தப் பக்கத்தில் கடைசி ஜோடி. மலேரியாக் காய்ச்சல் கிருமியுள்ள கொசு ஒருமுறை கடித்தால் போதும், இவை பிழைக்காது. கீழே சூடும் கொசுவும் ஏற ஏற இந்தப் பறவைகள் மேலே வந்தன. இனி ஏற மலை இல்லை.

முட்டைகளைக் கூண்டில் வளர்க்கக் கொண்டுபோகக் கூடாது என்று வாதாடியவள் நான். இப்போது எடுக்கச் சொல்கிறேன். அந்த மெல்லிய கிளையில் ஏற உன்னை விட்டால் ஆளில்லை. நான் காட்டுக்கு வேலி போட்ட கோபம் இருக்கட்டும். வருவாயா?

உன் அக்கா
நோஹியா


வாய்மேயா
ஏப்ரல் 14

அக்கா,

பன்னி வேட்டைக்கு வர்ற என்னை வேலி போட்டு நிறுத்தின. கொசுவ நிறுத்த முடிஞ்சுதா? சரி, கேட்டுட்டேன், மனசு ஆறிடுச்சு.

பீப்பாய நெனச்சு அழாதே. இத்தன வருஷமும் அத குளிர்தான் மூடி வெச்சிருந்துச்சு.

திங்கக்கெழம ஹெலிகாப்டர்ல வர்றேன். புகைபோட்ட பன்னிக்கறி கொண்டாறேன். உன் சமையலச் சாப்பிட்டா மரத்துலேர்ந்து விழுந்துடுவேன்.

கவிகா


அலகாய் முகாம்
ஏப்ரல் 18

கவிகா,

நேற்று மரத்தின் மேலிருந்து, "அக்கா, கைய வெச்சாலும் இது நகர மாட்டேங்குது" என்றாய். பழகின பறவை என்றேன். பொய். காய்ச்சல் கண்ட பறவைதான் அப்படி உட்காரும்.

நீ கொண்டுபோன முட்டைகளில் ஒன்றில் உயிர் துடிக்கிறது என்று குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் சொன்னார்கள். ஹெலிகாப்டரில் சூட்டுப்பெட்டியை நீ மடியை விட்டு இறக்கவே இல்லையாம்.

மறுநாளான இன்று நடந்தது இது. பெண் பறவை காலை முழுதும் வெறுங்கூட்டில் உட்கார்ந்திருந்தது. ஆண் மூன்று முறை இரையோடு வந்தது. நான்காம் முறை கூட்டில் யாருமில்லை. மாலையில் பெண் பறவை மரத்தடியில் செத்துக் கிடந்தது. எடுக்கக் குனிந்தபோது என் மணிக்கட்டில் ஒரு கொசு உட்கார்ந்தது. அடித்தேன், ரத்தம் இருந்தது. யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. பீப்பாய் எட்டு நாளாகக் கவிழ்ந்துதான் கிடக்கிறது.

ஆண் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

நோஹியா