காலில் பந்து பட்டால் விசில்

14-5-79, திங்கள்

கத்திரி வெயில். காலை ஏழு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. பள்ளி மைதானத்தில் பயிற்சி முகாம் ஆரம்பம். ஆறு நாள். சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க முன்வந்த பதினொரு பேர். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர். நான் செய்தி எடுக்கப் போனேன். அவ்வளவுதான் உத்தேசம்.

நடத்துபவர் தூத்துக்குடி தார்சியுஸ். இருபத்தொன்பது வயது. துறைமுகத்தில் வேலை. கற்க வந்தவர்களில் அவரைவிட இளையவர் இரண்டே பேர். மூத்தவர் நாகலாபுரம் ரெங்கசாமி. ஐம்பத்திரண்டு. மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி. முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போகிறார். ஊர்ப் பிள்ளைகள் சும்மா சுற்றுவது பிடிக்கவில்லையாம்.

எனக்கு வேண்டிய ஆள் அழகர்சாமி. தீப்பெட்டி ஆபீஸில் ஸ்டோர் கீப்பர். நாற்பத்தொன்று. ஒரு காலத்தில் இந்த ஊருக்கு நல்ல ஹாக்கி ஹாஃப்பேக், அத்துடன் ஹாக்கி நடுவரும். எங்கள் பின்தெரு. அந்தத் தெருப் பிள்ளைகள் இருபது முப்பது பேர் மெயின்ரோட்டு ஓரத்தில் விளையாடுகிறார்கள். மார்ச்சில் ஒருவன் லாரிக்கு அடியில் போயிருப்பான், டிரைவர் புண்ணியவான். மறுநாளே நானும் அ.சா.வும் தலைமையாசிரியரிடம் போனோம். த.ஆ. சொன்னது, அன்றைய குறிப்பில் உள்ளபடி:

"முறையாப் பயிற்சி எடுத்துத் தேறுன ஆள் பொறுப்புக்கு நின்னா, சாயங்காலம் மைதானத்தைத் தாரேன். இல்லேன்னா கேக்காதிய. போன வருசம் ஒரு பய கை முறிஞ்சதுக்கு நான்தான் பதில் சொன்னேன்."

ஆக, அ.சா. தேறினால் மைதானம். தேறாவிட்டால் லாரி ரோடு. அந்தத் தெருவில் வேறு யாரும் முன்வரவில்லை.

ஹாக்கியை விட்டு ஏன் கால்பந்து என்று கேட்டேன்.

"ஹாக்கிக்கு ஆளுக்கொரு மட்டை வேணும்லா அண்ணாச்சி. இதுக்குத் தெருவுக்கே ஒரு பந்து போதும்."

முதல் பாடம் பந்து அல்ல, தரை. மைதானத்தின் கிழக்கு ஓரம் கரிசல். வெடிப்பில் என் பேனா மூடியோடு இறங்கியது. தார்சியுஸ் மணலில் ஆடிப் பழகியவர். கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "இதுக்குள்ள பிள்ளை கால் போனா என்னாவும்?" ரெங்கசாமி: "மழை பேஞ்சா தானா வாய மூடிக்கிடும் தம்பி." "மழை எப்போ?" "அதான் தெரியல."

பதினொரு பேரும் செம்மண் சரளை அள்ளிக் கொட்டி மிதித்தார்கள். பாதிப் பேர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு.

மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

15-5, செவ்வாய்

பாடக்குறிப்பு நான்கு பக்கம். சைக்ளோஸ்டைல். முழுக்க இங்கிலீஷ். பதினொன்றில் நான்கு பேருக்குத்தான் அது வாசிக்க வரும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காலை முழுவதும் தமிழில் எழுதினேன். கார்பன் வைத்து ஒரு தடவைக்கு மூன்று படி. நான்காவது மங்கல், அதை எனக்கு வைத்துக்கொண்டேன்.

இங்கிலீஷில்: இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை தரவும். நான் எழுதியது: நீர்மோர்.
இங்கிலீஷில்: புல் ஈரமாக இருந்தால் கவனம் தேவை. விட்டுவிட்டேன்.
ஆஃப்சைடு: மூன்று தடவை அடித்து எழுதினேன். எனக்கே விளங்கவில்லை.

அதற்கு அ.சா. ஸ்டோரிலிருந்து கழித்துப்போட்ட காலித் தீப்பெட்டிகள் கொண்டுவந்தார். கிளி லேபிள் ஒரு கட்சி, குத்துவிளக்கு லேபிள் இன்னொரு கட்சி. தார்சியுஸ் பெஞ்சில் அடுக்கி, ஒரு கிளியை நகர்த்தினார். "பந்தை அடிக்கும்போது இது இங்கன நின்னா தப்பு. இங்கன நின்னா சரி." ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. என் மூன்று பத்தியையும் கிழித்துப்போட்டேன்.

மாலை செய்முறை. பின்தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஒருவன் விரலில் தீப்பெட்டி ஒட்டிய பசை காயவில்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறான். விசில் அ.சா. கையில். ஆட்டம் ஆரம்பித்தது. ஒரு பையன் வந்த பந்தைக் காலால் நிறுத்தினான்.

விசில்.

எல்லோரும் நின்றார்கள். என்ன தப்பு? அ.சா. முகத்தைப் பார்த்தால் அவருக்கே தெரியவில்லை. மறுபடி ஆட்டம். மறுபடி பந்து ஒரு காலில் பட்டது. மறுபடி விசில். ஐந்து நிமிடத்தில் நான்கு தடவை. அப்புறம்தான் புரிந்தது. ஹாக்கியில் பந்து காலில் பட்டால் தப்பு. இருபது வருடம் அதற்கு ஊதிய வாய்.

ரெங்கசாமி: "ஏ அழகரு, காலு படப்பிடாதுன்னா பிள்ளைய என்ன, கையாலயா வெளையாடும்?"

பிள்ளைகளில் ஒரே பெண் செல்வி, பன்னிரண்டு வயது: "சார், நாங்க வேணா தலைகீழா நடந்து வரட்டா?"

"சிரிங்கலே, நல்லா சிரிங்க" என்று அ.சா.வும் சிரித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளில் ஏறவே இல்லை. தள்ளிக்கொண்டே வந்தார்.

16-5, புதன்

குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டு குடம் வாங்கினோம்.

அ.சா. மனைவி காலையில் வந்து என் மனைவி செண்பகத்திடம் சொன்னது, அடுக்களையிலிருந்து காதில் விழுந்தது: "கொழந்த பந்தை உருட்டிக்கிட்டு இருந்துது அக்கா. அது கால்ல பட்டுட்டு. இவிய சோத்த வாயில வச்சிக்கிட்டே உதட்டக் குவிக்காவ." இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது.

முகாமில் அ.சா. இன்று ஒரு முறைதான் தப்பாக ஊதினார். முன்னேற்றம்.

தார்சியுஸ் யாரையும் பிள்ளைகள் முன்னால் திருத்துவதில்லை. தோளில் கைபோட்டுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்கிறார். பிள்ளைகளையும் அப்படித்தான் திருத்த வேண்டுமாம். ரெங்கசாமி: "எங்கூர்ல தள்ளிக் கூட்டிட்டுப் போனா அடிக்கத்தான்னு ஓடிருவானுவ தம்பி."

17-5, வியாழன்

கம்பவுண்டர் வந்து முதலுதவி வகுப்பு. வெயிலில் மயங்கினால், மூக்கில் ரத்தம் வந்தால், கணுக்கால் சுளுக்கினால். பெட்டியில் இருக்கவேண்டியவை: பஞ்சு, கட்டுத்துணி, டிஞ்சர், கத்தரிக்கோல், உப்பு, சர்க்கரை. எழுதிப் படி எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டுக்குத் தேர்வு. ஆளுக்குக் கால் மணி நேரம்: பாதி நேரம் பந்து தள்ளிக் கொடுக்கக் கற்றுத்தர வேண்டும், பாதி நேரம் சின்ன ஆட்டம் நடத்த வேண்டும். தேறினால் சான்றிதழில் தார்சியுஸ் கையெழுத்து.

அ.சா. இன்று தப்பே செய்யவில்லை.

18-5, வெள்ளி

விளாத்திகுளம் போனேன். மிளகாய் விலைக் கூட்டம், நான்கு மணி நேரம், உருப்படியாக நான்கு வரி. திரும்பும்போது மைதானத்தை எட்டிப் பார்த்தேன். இரண்டு நாளாகத் தப்பில்லை என்றார் அ.சா. முகத்தில் தெளிவு. எனக்கும் நிம்மதி.

19-5, சனி

பெரிய தப்பு. என்னுடையது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை 8: தேர்வு தொடங்கும் முன் பந்தின் உள்ளே இருக்கும் பிளாடர் வெடித்தது. இருந்த இன்னொரு பந்திலும் காற்று நிற்கவில்லை. புது பிளாடர் தூத்துக்குடியிலிருந்து வரவேண்டும். தேர்வு மாலை 4-க்குத் தள்ளிப்போனது.

மதியம் 1: ஞாயிறு மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி போகவேண்டிய கவர். 1.30 பஸ்ஸில் கொடுத்தால்தான் மதுரை போய்ச்சேரும். திங்கள் பக்கத்தில் இடம் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நடக்காததை நடந்ததாக நான் எழுதியதில்லை. இன்று எழுதினேன். "பதினொரு பேரும் தேர்ச்சி பெற்றனர்." கீழே பெயர்கள். அழகர்சாமி பெயர் மூன்றாவது. பேப்பரில் பார்த்தால் த.ஆ. மறுபேச்சுப் பேசமாட்டார் என்று எண்ணம். கவரைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

மாலை 4: பிளாடர் வந்தது. அ.சா. ஆறாவது. பந்து தள்ளிக் கொடுக்கும் பாடம் அருமை. ஆட்டமும் நன்றாகப் போனது, கடைசி நிமிடம் வரை. செல்வி இடது பக்கமாக வந்தாள். பந்தைக் காலால் நிறுத்தினாள். தட் என்று சத்தம். அ.சா. ஊதினார். அடுத்த நொடியில் அவள் அடித்த பந்து கோலுக்குள்.

யாரும் சிரிக்கவில்லை.

அ.சா. விசிலை வாயிலிருந்து எடுத்தார். செல்வி பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "தப்பு எம்மேல தாயி. நீ சரியாத்தான் நிறுத்துன."

"அப்போ கோலு?"

"கோல் இல்ல. ஊதுனா ஆட்டம் நின்னுபோச்சு, அதான் சட்டம். ஊதுன எடத்துல பந்தை நான் கீழ போடுதேன். ரெண்டு கட்சியும் வாங்க."

அவள் 'ச்சு' கொட்டினாள். பந்தைப் போட்டார். ஓடினார்கள். தார்சியுஸ் நோட்டில் நிறைய எழுதினார். அ.சா.வுக்கு முன்னால் நடத்திய ஐந்து பேருக்கும் ஒரு வரிதான் எழுதியிருந்தார், நான் கவனித்தேன். முடிவு நாளைக் காலை என்றார்.

5.40: தபாலாபீஸில் மதுரைக்கு டிரங்க் கால். அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். 7.30 வரை காத்திருந்தேன். லைன் கிடைக்கவில்லை. ஆபீஸ் மூடினார்கள்.

தேறாத ஆளைத் தேறியதாக நாளைக் காலை ஊரே வாசிக்கும். த.ஆ. வாசிப்பார். உண்மை தெரிந்ததும் மைதானம் போகும். இனி எந்தத் தெருப் பிள்ளைகளுக்காகவும் நான் போய்க் கேட்க முடியாது. அ.சா.வை ஊர் கேலி செய்யும். சோறு இறங்கவில்லை. செண்பகம் கேட்டாள், நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

20-5, ஞாயிறு

5.15-க்கே பஸ் ஸ்டாண்டு. பேப்பர்க் கட்டு இறங்கியதும் ஏஜெண்ட் கத்தரிக்கும் முன் நானே சணலை அவிழ்த்தேன். "என்ன அண்ணாச்சி, அப்படி என்ன செய்தி?" மாவட்டப் பக்கம். ஐந்தாவது பத்தி. ஐந்து வரி.

கோவில்பட்டியில் ஆறு நாள் கால்பந்துப் பயிற்சி முகாம் நடந்தது. பதினொரு பேர் கலந்துகொண்டனர். அத்துடன் முற்றுப்புள்ளி. தேர்ச்சி இல்லை, பெயர்கள் இல்லை. மீதியிருக்கவேண்டிய இடத்தில் பருத்தி விதை விளம்பரம்.

என் செய்தியை வெட்டினால் நான் கடிதம் எழுதுகிற ஆள். டெஸ்கில் அதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இன்று இதை வெட்டிய உதவி ஆசிரியர் எதிரில் வந்திருந்தால் கையைப் பிடித்திருப்பேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ, பிறகு இன்னொரு டீ.

9 மணி, மைதானம். தார்சியுஸ் பத்துப் பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார். அ.சா.வைத் தோளில் கைபோட்டுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். ரெங்கசாமி என் காதில்: "முடிஞ்சுது சோலி."

முடியவில்லை. திரும்பி வந்து எங்கள் எல்லோருக்கும் சொன்னார்: "தப்பா ஊதுன ஆளுங்களை நெறையப் பாத்தாச்சு. ஊதிட்டு அப்படியே சாதிப்பாங்க. இவிய பிள்ளைககிட்ட ஒத்துக்கிட்டாவ. பந்தையும் சட்டப்படி போட்டாவ. எனக்கு இன்னும் பத்து நிமிசம் பாக்கணும். ஆனா விசிலை எங்கிட்ட தந்துரணும்."

அ.சா. விசிலைக் கழற்றிக் கொடுத்தார். வெறும் வாயோடு ஆட்டம் நடத்தினார். கை தட்டி நிறுத்தினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பந்து காலில் படும் ஒவ்வொரு முறையும் உதடு லேசாக அசைந்தது, ஊத ஒன்றுமில்லை. பத்து நிமிடம். தப்பு ஒன்று கூட இல்லை.

தார்சியுஸ் மைதானத்திலேயே, ரெங்கசாமியின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஆறு மாசத்துக்கு விசில் வேண்டாம் அண்ணாச்சி. கை போதும்."

த.ஆ. வீட்டுக்கு நேராகப் போனோம். சான்றிதழை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார். "பேப்பர்ல பேரு வரலியே?" இடமில்லை என்றேன். அது உண்மை. "நாளையிலேர்ந்து நாலரைக்கு வாங்க. ஆறரைக்குப் பூட்டிருவேன்."

வரும் வழியில் அ.சா.விடம் கவர் விஷயத்தை முழுதாகச் சொன்னேன். சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"அப்போ நீங்களும் தப்பா ஊதிட்டிய."

"ஆமா."

"ஏறுங்க அண்ணாச்சி" என்று கேரியரைக் காட்டினார். வீடுவரை மிதித்தார். வழியெல்லாம் தனக்குத்தானே சிரிக்கிறார், முதுகு குலுங்குகிறது.

செண்பகத்திடம் சொன்னேன். "இருவத்திரண்டு வருசத்துல ஒண்ணுதானே" என்றாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

21-5, திங்கள்

மேற்கே காற்று கிளம்பிவிட்டது. 4.20-க்கு மைதானம். அ.சா. தரையை நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்ததும் ஒரே இரைச்சல். ஐந்து பெண்பிள்ளைகள், செல்வி கூட்டிவந்த கூட்டம். பின்தெரு மட்டுமில்லை, பார்த்திராத முகங்களும். த.ஆ. தினமும் தலைக்கணக்கு கேட்கிறார், எழுதித் தரவேண்டும். கோல் கம்பத்தருகே நின்று எண்ணினேன்: முப்பத்தாறு. அ.சா. முப்பத்துநாலு என்கிறார். மறுபடி எண்ணினேன், முப்பத்தேழு. எவனும் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறான்.