சூலகம் என்ற சொல்லுக்கு எதிரே

இஞ்சேரும் றெஜினா,

நான் சுகம். வெள்ளவத்தை பிளாட்டின் படியேறும்போது மட்டும் முழங்கால் முறைப்பாடு சொல்கிறது. நீர் பல்கனியில் வைத்த கடதாசிப் பூ வளர்ந்து கீழ்வீட்டு உடுப்புக் கொடியில் விழுகிறது. "வெட்டுங்கோ" என்கிறார்கள். அப்போது மட்டும் எனக்குக் காது கேட்பதில்லை.

போன கிழமை சுமதி வந்தாள். உம்மிடம் தாவரவியல் படித்தவள், இப்போது தானே டியூஷன் வகுப்பு நடத்துகிறாள். நீர் எழுதிவைத்த பூச்சொற்கள் கொப்பியைப் புத்தகமாகப் போடப் போகிறாளாம். நான் அதை இதுவரை திறந்ததே இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவனுக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும்?

இருவருமாகப் புரட்டினோம். ஒவ்வொரு சொல்லுக்கும் இடப்பக்கம் பாடப்புத்தக அர்த்தம், வலப்பக்கம் உம்முடைய அர்த்தம். புல்லி, மொட்டை மூடிக் காக்கும் பச்சை இதழ். எதிரே, 'கத்தரிக்காய் இன்னும் கழற்றாத தொப்பி.' மகரந்தத்துக்கு எதிரே, 'கோயில் லில்லியிலிருந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டினால் போகாது.' பூவடியிலைக்கு எதிரே, 'கடதாசிப் பூவில் நிறமாகத் தெரிவது இதுதான். உண்மையான பூ நடுவில் சின்னதாய், வெள்ளையாய் இருக்கும். இது தெரியாமல் ஒருவர் கை நிறையக் கொண்டுவந்து என்னைக் கலியாணம் கேட்டவர்.'

சுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு சூலகம் வந்தது. இடப்பக்கம், 'பூவுக்குள் வித்து உருவாகும் இடம். பின்னர் கனியாகும்.' வலப்பக்கம் ஒன்றுமில்லை.

"அங்கிள், இது ஒண்டுதான் வெறுமையாக் கிடக்குது. மிஸ் மறந்திட்டாவோ?"

"மறந்திருப்பா, பிள்ளை" என்றேன். பொய்தான், வேறென்ன சொல்ல?

ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு நாம் திரும்பிய அந்த வாரமே நீர் வகுப்புக்குப் போனீர். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கரும்பலகையில் சூலகம் வரைந்திருப்பீர். வீட்டில் ஒரேயொரு தரம்தான் வாய் திறந்தீர். "இஞ்சருங்கோ, அது பொம்பிளைப் பிள்ளையாம்" என்றீர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேத்தண்ணி ஆறுது, குடியும்" என்றேன்.

கதைத்தால் உமக்கு நோகும் என்று நினைத்ததாக இவ்வளவு காலமும் என்னையே ஏமாற்றி வந்தேன். பயந்தவன் நான்தான், றெஜினா. அதன் பிறகு நீர் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. எத்தனை நாள் கதைக்க நினைத்தீரோ?

நேற்று பேனையை எடுத்து, உம்முடைய எழுத்துக்குப் பக்கத்தில் என்னுடைய கோணல் எழுத்தில் நிரப்பினேன். 'எங்கள் மகள் ஐந்து மாதம் இருந்த இடம்.'

அது கருப்பை, சூலகம் இல்லை என்று நீர் திருத்துவீர். இலையைப் பூவென்று கொண்டுவந்தவன்தானே, திருத்தும். ஆனால் அந்த வரியை எடுக்க விடமாட்டேன். முதல் புத்தகத்தை உம்முடைய கல்லறைக்குக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிப்பேன். கையில் கடதாசிப் பூவும் இருக்கும். இந்த முறை பேச்சை மாற்றமாட்டேன்.

இப்படிக்கு,
எங்கள் மகளின் அப்பா